மூடியில் ஒரு பெயர், போர்டில் வேறு எண்: திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் எட்டு வருட லேப்டாப்

பின்னணி

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனி. சொந்த ஆர்டர் கொஞ்சம், ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் லேபிளுக்குத் தைத்துக் கொடுப்பது, அதிகம். முதலாளி ஐம்பதைத் தாண்டியவர். கணக்கு வழக்கு முழுக்க அவர் மனைவியின் கையில். நான் லேப்டாப் சர்வீஸ் செய்பவன். அவர்களை அண்ணா, அக்கா என்று கூப்பிடும் அளவுக்குப் பல வருடப் பழக்கம்.

அங்கே இரண்டு லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தன. முதலாவது 2017-இல் வாங்கியது: ஏழாம் தலைமுறை ஐ5 பிராசசர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர், துணி வாங்கும் பையர்களின் மெயில், அளவுச் சார்ட் எல்லாம் இதில்தான். இரண்டாவது 2019-இல் வாங்கிய வேறு பிராண்ட், எட்டாம் தலைமுறை, பையர் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வைத்திருந்தார். இரண்டையும் யாரும் ஒருமுறைகூடத் திறந்து சுத்தம் செய்ததில்லை.

2025 மே மாதம் முதலாவது தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. மதியம் இரண்டரை, மூன்று மணிக்கு மேல் தானாக அணைந்துவிடும். அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் கொடுத்துப் பார்த்தார்கள். மதர்போர்டு போய்விட்டது, மாற்ற 32,000 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அண்ணா கோபமாகத் திருப்பி எடுத்து வந்துவிட்டார். மகனுக்கு ஜூலையில் கோயம்புத்தூரில் கல்லூரி தொடங்குகிறது. அவனுக்கும் ஒரு லேப்டாப் வாங்க வேண்டும்.

"இனி அந்தக் கம்பெனி சாமானே நம்ம ஊட்டுக்குள்ள வரக்கூடாதுங் தம்பி. இன்னொண்ணு பாருங்க, ஆறு வருசமா ஒரு தொந்தரவு இல்ல. அதையே வாங்கிப் போட்டுர்லாம்."

பழையதை எடைக்குப் போடுவதா, மகனுக்கு எந்த பிராண்ட் வாங்குவது என்று இரண்டு கேள்விகளோடு ஜூன் முதல் வாரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

மேசை மேல் பார்த்தது

நான் போனபோது லேப்டாப் அக்காவின் மேசையில் இருந்தது. முன்பக்க மூலை ஒன்றுக்கு அடியில் நாலாக மடித்த கார்ட்டன் அட்டை. ஏன் என்று கேட்டேன். "டைப் பண்ணினா ஆடுதுங்க, அதான் முட்டு வெச்சிருக்கேன்" என்றார். டச்பேடும் மூன்று மாதமாக அமுங்கவில்லை, மவுஸ் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். டச்பேடின் ஓரத்தில் விரலை வைத்துத் தடவினால் ஒரு பக்கம் மேடாக எழும்பியிருந்தது தெரிந்தது.

லேப்டாப் ஆடியதற்கும் டச்பேட் அமுங்காததற்கும் காரணம் ஒன்றே. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. உப்பிய லித்தியம் பேட்டரி குத்துப்பட்டாலோ நசுங்கினாலோ தீப்பிடிக்கும். பக்கத்து அறையில் துணி ரோல்கள் கூரை மட்டத்துக்கு அடுக்கியிருந்தார்கள். மதர்போர்டா இல்லையா என்ற பேச்சை ஒத்திவைத்தேன். சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்து, வாசலில் சிமெண்ட் திண்ணைக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். கனெக்டரை முதலில் விடுவித்து, திருகுகளைக் கழற்றி, இரும்புக் கருவி எதையும் உள்ளே விடாமல் கையால் பேட்டரியைத் தூக்கி, மணல் போட்ட தகர டின்னில் வைத்து வெளியிலேயே விட்டேன். மூன்று செல்லில் இரண்டு தலையணை போல உப்பியிருந்தன.

காரணம் ஊகிக்கக் கூடியதுதான். 2020-இலிருந்து சார்ஜர் கழற்றப்பட்டதே இல்லை என்றார் அக்கா. பேட்டரி எப்போதும் நூறு சதவீதத்தில் நின்று, கூடவே சூடும் பட்டால் செல்லுக்குள் வாயு உண்டாகும். எட்டு வருடத்தில் இது எந்த பிராண்டிலும் நடக்கும்.

உள்ளே பார்த்தது

ஃபேனைக் கழற்றியதும் அணைந்துபோவதற்கான காரணம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு படிந்து படிந்து ஃபெல்ட் துணி மாதிரி ஒரு பட்டையாகிவிட்டிருந்தது. ட்வீசரால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். அறுபடாமல் முழுப் பட்டையாக உரிந்து வந்தது. சாம்பல் நிறம், நடுவில் ஒரு சிவப்புக் கோடு. அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது போன தீபாவளி ஆர்டர் கலருங்க" என்றார்.

வீட்டில் சேரும் தூசி பொடியாக இருக்கும், ஊதினால் போய்விடும். பனியன் கம்பெனிப் பஞ்சு இழை இழையாகப் பின்னிக்கொள்ளும். வெளியிலிருந்து காற்று அடித்தால் இன்னும் உள்ளே தள்ளப்பட்டு இறுகும். காற்று வெளியேற வழியில்லாததால் பிராசசர் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கிறது. சுத்தம் செய்வதற்கு முன் பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓட்டி அளந்தேன்: ஆறே நிமிடத்தில் 98 டிகிரி. பட்டையை எடுத்து, காய்ந்து மண்ணாகியிருந்த தெர்மல் பேஸ்ட்டை (பிராசசரின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பசை) மாற்றிய பிறகு அதே வேலையில் 71 டிகிரி. 32,000 ரூபாய் மதர்போர்டுக்கு ஒரு கோளாறும் இல்லை.

மற்றவை: ஹார்ட் டிஸ்க்கில் பழுதான செக்டர்கள் இருந்தன. மூடியின் இடது கீலின் பித்தளை நட்டுகள் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. கீல் இறுகிப் போயிருக்கிறது, மூடியை ஒரே மூலையில் பிடித்துத் திறந்திருக்கிறார்கள். இழுவை முழுவதும் அந்த மூன்று நட்டுகள் மேல் விழுந்திருக்கிறது. முன்பு யாரோ அங்கே உடனடிப் பசை ஊற்றியிருந்தார்கள். அது உடைந்ததைப் பிடிக்கவில்லை, கீலை இன்னும் இறுக்கியதுதான் மிச்சம்.

இரண்டு போர்டுகள், ஒரே முன்னெழுத்து

ஃபேனில் பஞ்சைப் பார்த்ததும் இரண்டாவது லேப்டாப்பையும் திறந்துவிடலாம் என்றேன். அதிலும் பட்டை இருந்தது, ஆனால் மெல்லிசு. மெர்ச்சண்டைசர் கேபின் மெஷின்களிலிருந்து தள்ளி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருப்பதால் இருக்கலாம். ஆறு வருடம் தொந்தரவு வராததற்குப் பெரிய காரணம் அந்தக் கதவு என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு போர்டும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. அண்ணாவைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றிலும் வெள்ளை எழுத்தில் அச்சிட்டிருந்த எண்ணைக் காட்டினேன். எண்கள் வேறு, முன்னெழுத்து ஒன்றே. அவர் வெறுத்த பிராண்டையும் நம்பிய பிராண்டையும் உருவாக்கியது ஒரே தைவான் கம்பெனி.

உலகில் விற்கும் லேப்டாப்களில் பெரும்பகுதியை மூடியில் பெயர் போட்டிருக்கும் கம்பெனி தன் கையால் செய்வதில்லை. குவாண்டா, காம்பல், விஸ்ட்ரான், இன்வென்டெக், பெகாட்ரான் ஆகிய சில தைவான் நிறுவனங்கள்தான் பல பிராண்டுகளுக்கும் செய்து தருகின்றன. இன்வென்டெக் 1975-இலும், காம்பல் 1984-இலும், குவாண்டா 1988-இலும் தொடங்கியவை. விஸ்ட்ரான் ஏசரின் தயாரிப்புப் பிரிவாக இருந்து 2001-இல் தனியானது. பெகாட்ரானும் அப்படித்தான் ஆசஸிலிருந்து பிரிந்தது. இவற்றின் தொழிற்சாலைகள் பெரும்பாலும் சீனாவில் குன்ஷான், சோங்சிங், செங்டு மாதிரி ஊர்களில் இருக்கின்றன. லெனோவா இதில் சற்று வேறு: 2011-இல் காம்பலோடு கூட்டாக ஹெஃபெய் நகரில் எல்சிஎஃப்சி என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. நம் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் டெல்லும், புதுச்சேரியில் லெனோவாவும் அசெம்ப்ளி செய்திருக்கின்றன.

சர்வீஸ் மேசையில் இது தினப்படி வேலைக்கு உதவும் விஷயம். எல்ஏ என்று தொடங்கினால் காம்பல் போர்டு, டிஏ0 என்றால் குவாண்டா, என்எம் என்றால் எல்சிஎஃப்சி, 6050ஏ என்றால் இன்வென்டெக். போர்டின் சர்க்யூட் படத்தைத் தேடுவதும் உதிரி பாகத்தைத் தேடுவதும் இந்த எண்ணை வைத்துத்தான். பேட்டரியின் செல், திரை, கீபோர்டு, சார்ஜர் எல்லாம் வேறு வேறு கம்பெனிகளிலிருந்து வந்து அங்கே சேர்கின்றன.

அண்ணா கொஞ்ச நேரம் இரண்டு போர்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கம்பெனியிலேயே அன்றைக்கு மூன்று லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று உள்நாட்டுக் கடைக்கு, இரண்டு எக்ஸ்போர்ட்.

"அப்ப இதும் ஜாப் ஒர்க்தானுங்க."

"ஆமாங்ணா. ஆனா ஒரே யூனிட்டுல தெச்சதுன்னு ரெண்டும் ஒரே தரம்னு சொல்ல முடியாதுங்ணா."

"அதெப்படிச் சொல்றதுங்க? 140 ஜிஎஸ்எம்மும் இதே டேபிள்லதான் ஓடுது, 180-உம் இதே டேபிள்லதான் ஓடுது. பையர் என்ன துணி கேக்கறான், என்ன வெலை குடுக்கறான், க்யூசி எத்தன கறாரா நிக்கறான், அதப் பொறுத்துத்தானுங்க."

(ஜிஎஸ்எம் துணியின் கனம், க்யூசி தரச் சோதனை.) கீலைக் காட்டினேன். முதலாவதில் பித்தளை நட்டுகள் வெறும் பிளாஸ்டிக்கில் பதிந்திருந்தன. இரண்டாவதில் அதே இடத்தில் கீல் ஒரு உலோகத் தகட்டோடு திருகப்பட்டிருந்தது. செய்த கை ஒன்று, கேட்டவர் கொடுத்த விலை வேறு. முதலாவது அந்த பிராண்டின் மலிவு வரிசை, இரண்டாவது அலுவலக வரிசை. இரண்டையும் வாங்கும்போது பெயரைத்தான் பார்த்தார்கள், வரிசையைப் பார்க்கவில்லை.

தயாரிப்பவர் ஒருவரே என்பதால் பிராண்டுக்கு அர்த்தமே இல்லை என்று சிலர் பேசுகிறார்கள். அது சரியில்லை என்பது என் அனுபவம். எந்தப் பாகம் போட வேண்டும் என்று தீர்மானிப்பது, வாரண்டி தருவது, பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் எத்தனை வருடம் கொடுப்பது, கழற்றும் முறைக் கையேட்டை வெளியிடுவது, ஐந்து வருடம் கழித்தும் பாகம் கிடைக்கச் செய்வது எல்லாம் பிராண்டின் பொறுப்பு. அதே பிராண்ட் ஒரு வரிசைக்கு இதையெல்லாம் செய்யும், இன்னொரு வரிசைக்குச் செய்யாது.

எடுத்த முடிவுகள்

பழையதை வைத்துக்கொள்வது என்று முடிவானது. போர்டு நன்றாக இருந்தது. திரை, கீபோர்டு இரண்டிலும் பழுதில்லை. ரேம் போட ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் எஸ்எஸ்டி போடலாம். ரேம் போர்டோடு ஒட்டவைத்த மாடலாக இருந்திருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். 4 ஜிபியில் இன்றைக்கு டேலியும் பிரவுசரும் சேர்ந்து ஓடாது.

பேட்டரி விஷயத்தில் அண்ணாவுக்கும் எனக்கும் சிறு வாக்குவாதம். ஆன்லைனில் 1,500 ரூபாய்க்குப் பொருந்தும் பேட்டரி கிடைக்கிறதே என்றார். துணி ரோல்கள் இருக்கும் கட்டடத்தில் செல் யாருடையது என்று தெரியாத பேட்டரியை வைக்க எனக்கு மனமில்லை. பழைய பேட்டரியின் மேல் இருந்த பார்ட் எண்ணைக் கொடுத்து, வோல்டேஜும் கனெக்டரும் தயாரிப்புத் தேதியும் பார்த்து, 3,600 ரூபாய்க்கு பிராண்டின் அசல் பேட்டரியையே வாங்கினோம்.

அடுத்தது விண்டோஸ். ஏழாம் தலைமுறைப் பிராசசரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடியப்போகிறது என்பது அப்போதே தெரியும். ஏதாவது குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றிவிடலாம் என்று மெர்ச்சண்டைசர் சொன்னார். கணக்கும் வங்கி வேலையும் நடக்கும் மெஷினில் அந்த வேலை வேண்டாம் என்று மறுத்தேன். வங்கியும் ஜிஎஸ்டி தாக்கலும் இரண்டாவது லேப்டாப்புக்கு மாற்றப்பட்டு, அதில் 11 ஏற்றினோம். பழையதை 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டோம்.

நான் செய்த தவறு

கீல் உட்காரும் மேல் உறையை மாற்ற வேண்டியிருந்தது. மூடியில் இருந்த மாடல் பெயரைச் சொல்லி ஆர்டர் போட்டேன். ஐந்து நாள் கழித்து வந்தது. வெளியில் பார்க்க அச்சு அசல் அதே உறை. போர்டை வைத்துப் பார்த்தால் திருகுத் தூண்கள் இரண்டு பொருந்தவில்லை, பவர் பட்டன் கேபிள் மறுபக்கம் போகிறது.

அதே பெயரில், அதே வருடத்தில், இன்டெல் பிராசசரோடு ஒன்றும் ஏஎம்டி பிராசசரோடு ஒன்றும் விற்றிருக்கிறார்கள். இரண்டையும் செய்தது வேறு வேறு கம்பெனி. மேசையில் போர்டு எண்ணைக் காட்டி அவ்வளவு நேரம் பேசியவன், ஆர்டர் போடும்போது மூடியைப் பார்த்துப் போட்டுவிட்டேன். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அந்த 1,400 ரூபாயை நானே ஏற்றுக்கொண்டேன். பழைய உறையின் உள்பக்க ஸ்டிக்கரில் இருந்த பார்ட் எண்ணைக் கொடுத்ததும் சரியானது வந்தது.

என்ன ஆனது

ஜூன் கடைசியில் லேப்டாப் அக்காவின் மேசைக்குத் திரும்பியது. செலவு: எஸ்எஸ்டி 3,100, ரேம் 8 ஜிபி 1,800, பேட்டரி 3,600, கீலோடு மேல் உறை 2,900, கூலி 1,500, ஆக 12,900 ரூபாய். கார்ட்டன் அட்டை குப்பைக்குப் போனது. பிராண்டின் சாஃப்ட்வேரிலேயே சார்ஜ் வரம்பு வைக்கும் வசதி இருந்தது. முழுதாக ஏறாமல் நிற்கும்படி அதை வைத்துக் கொடுத்தேன். உப்பிய பேட்டரியை மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்தோம்.

ஒரு நஷ்டம் மட்டும் தவிர்க்க முடியவில்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்கும்போது டேலி டேட்டா முழுதாக வந்தது. 2021, 2022 சாம்பிள் படங்கள் இருந்த ஃபோல்டரில் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. வேறு எங்கும் காப்பி இல்லை. பழைய பையர் ஒருவர் அந்த டிசைனை மறுபடியும் கேட்டபோது கட்டிங் மாஸ்டரின் பேட்டர்ன் அட்டையை வைத்துச் சமாளித்தார்கள்.

மகனுக்கு வாங்கும்போது அண்ணா கடையில் பெயரைக் கேட்கவில்லை. கீல் எதில் உட்கார்ந்திருக்கிறது, ரேம் ஸ்லாட் உண்டா, கழற்றும் கையேடு பிராண்டின் தளத்தில் இருக்கிறதா, வாரண்டி வீட்டுக்கு வந்து பார்ப்பதா என்று நான்கு கேள்வி கேட்டார். முதல் இரண்டு கடையில் பதில் சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது கடையில் அலுவலக வரிசை லேப்டாப் ஒன்று, மூன்று வருட வாரண்டியோடு வாங்கினார். அது முன்பு அவர் வரவே கூடாது என்ற அதே பிராண்ட்.

அக்டோபரில் மறுபடி திறந்தேன். நான்கே மாதத்தில் ஹீட்சிங்க்கில் மெல்லிய படலம் சேர்ந்திருந்தது, இன்னும் பட்டையாகவில்லை. பிரஷ்ஷால் தள்ளியதும் வந்துவிட்டது. நீட்டித்த அப்டேட்டிலும் அன்றைக்கே சேர்த்தோம்.

வேறு விதமாகச் செய்திருக்க வேண்டியவை

டச்பேட் அமுங்காத முதல் நாளே யாரிடமாவது காட்டியிருக்க வேண்டும். உப்பிய பேட்டரியின் மேல் மூன்று மாதம் தினமும் கை வைத்து டைப் செய்திருக்கிறார்கள். நான் வருடத்துக்கு இரண்டு தடவையாவது அந்த அலுவலகத்துக்குப் போகிறவன். பிரிண்டரைப் பார்க்கப் போனபோதெல்லாம் பஞ்சு இருக்கும் இடம் என்பது எனக்குத் தெரியும், லேப்டாப்பைத் திறக்கலாமா என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இப்போது பனியன் கம்பெனி, நூல் மில், விசைத்தறி வாடிக்கையாளர் எல்லாருக்கும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்று நாள் குறித்துக் கொடுக்கிறேன்.

சர்வீஸ் சென்டர் சொன்னதைப் பற்றி: சூட்டை அளக்காமல் போர்டு என்று எழுதிக் கொடுப்பது தவறு. ஆனால் அவர்களிடம் அண்ணா சொன்னது "தானா ஆஃப் ஆகுது" என்ற ஒரே வரி. எத்தனை மணிக்கு, என்ன ஓடும்போது, எங்கே வைத்து ஓட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் ஒருவேளை ஃபேனைத் திறந்திருப்பார்கள்.

இன்னொன்று, வாங்கிய அன்றே செய்யக் கூடியது. மகனின் புது லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரை அக்கா போனில் படம் எடுத்தார். வாரண்டி காலத்தில் திறக்க வேண்டாம் என்பதால் பேட்டரி, ரேம், எஸ்எஸ்டி எண்களைக் கையேட்டிலிருந்து எடுத்து, வவுச்சர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தார். போர்டு எண்ணுக்கு மட்டும் ஒரு வரி காலியாக விட்டிருக்கிறார். 2028-இல் வாரண்டி முடிந்து நான் திறக்கும்போது அதை நிரப்ப வேண்டும். பழைய லேப்டாப் 2026 அக்டோபருக்குப் பிறகு இணையம் இல்லாமல் கட்டிங் பக்கம் போகிறது. அங்கே பஞ்சு இன்னும் அதிகம் என்பதால் அதற்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்று எழுதியிருக்கிறோம்.